‘சாப்பிட்டாயா’வுக்கு அப்புறம்...

ஆடி கழிந்து ஆவணி பிறப்பதற்குள் பாத்திரக் கடைகளிலும் பாய்க் கடைகளிலும் ஒரு தனிக் கூட்டம் சேர்ந்து விடுகிறது, கவனித்திருப்பீர்கள். ஒரு பெண் செல்போனைப் பார்த்தபடி நிற்பாள். பக்கத்தில் அவள் அம்மா பிளாஸ்டிக் பக்கெட்டைத் தட்டித் தட்டிப் பார்த்துக் கொண்டு, "இது ஒரு வருஷமாவது தாங்குமா?" என்று கடைக்காரரைக் கேட்பாள். வேறொன்றுமில்லை, பெண்ணுக்குக் காலேஜில் இடம் கிடைத்து விட்டது, ஹாஸ்டலுக்குப் போகிறாள்! பக்கெட், மக்கு, பாய், தலையணை, பூட்டு, ஊறுகாய் பாட்டில், பருப்புப் பொடி என்று ஜாபிதா நீண்டு கொண்டே போகும். பஸ்ஸோ ரயிலோ புறப்படுகிற நேரத்தில் அம்மா ஜன்னல் வழியாகச் சொல்வது மட்டும் ஒரே ஒரு வாக்கியம்தான்: "வேளா வேளைக்குச் சாப்பிடு!"

அன்றிலிருந்து தினம் ராத்திரி எட்டு மணிக்கு டெலிபோன்.

"சாப்பிட்டாயா?"

"சாப்பிட்டேன்."

"என்ன போட்டார்கள்?"

"சப்பாத்தி, குருமா."

"நன்றாகப் படிக்கிறாயா?"

"ம்."

"சரி, உடம்பைப் பார்த்துக் கொள். வைக்கட்டுமா?"

சகோதரிகளே! அந்தச் சப்பாத்தியையும் குருமாவையும் ஹாஸ்டல் சமையற்காரர் பார்த்துக் கொள்வார். அந்த ‘ம்’ இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேச ஆசைப்படுகிறேன். அந்த ஒற்றை எழுத்துக்குள் முதல் வருஷத்துக் கஷ்டம் அத்தனையும் அடங்கிக் கிடக்கும்.

பள்ளிக்கூடத்தில் அவள் யார் என்று நினைத்துப் பாருங்கள். தெருவில் போனால், "பிளஸ் டூவில் 571 வாங்கினாளே, அந்தப் பெண்!" என்று காட்டுவார்கள். டீச்சர் ஊருக்கு வெளியே போனால் வகுப்பைப் பார்த்துக் கொள்ளச் சொல்லிவிட்டுப் போவார். காலேஜிலோ வகுப்பில் அறுபது பேர் என்றால் அறுபது பேரும் தத்தம் ஊரில் அப்படி விரல் நீட்டிக் காட்டப்பட்டவர்கள்! அந்த அறுபது பேரில் யாராவது ஒருவர் அறுபதாவதாக வந்துதானே தீர வேண்டும்? கெட்டிக்காரி மந்தமாகி விடவில்லை, கூட்டம்தான் மாறியிருக்கிறது. ஆனால் பதினெட்டு வயதில் அது யாருக்குப் புரிகிறது? "எனக்கு மூளையே இல்லை போலிருக்கிறது" என்றுதான் தோன்றும்.

தமிழில் படித்து விட்டுப் போன பெண்ணுக்கு இன்னொரு கஷ்டமும் சேர்ந்து கொள்கிறது. அணு, மூலக்கூறு, முடுக்கம், வகைக்கெழு என்று அவள் இத்தனை வருஷம் பழகியவர்கள் எல்லாம் ஒரே நாளில் ஆட்டம், மாலிக்யூல், ஆக்ஸிலரேஷன், டெரிவேட்டிவ் என்று வேஷம் மாற்றிக் கொண்டு எதிரே வந்து நிற்கிறார்கள். விஷயம் தெரியும், ஆள் அடையாளம் தெரியவில்லை. சந்தேகம் கேட்கலாம் என்றால், எழுந்து நின்று இங்கிலீஷில் அல்லவா கேட்க வேண்டும்? பின் பெஞ்சில் யாராவது சிரித்து விட்டால்? எதற்கு வம்பு என்று தலையைக் குனிந்து கொள்கிறாள். முதல் மாதம் குனிந்த தலை, அப்படியே குனிந்தே இருந்து விடுவதும் உண்டு.

இதற்கு ஒரு கைவைத்தியம் சொல்கிறேன். பணச் செலவு இல்லாத வைத்தியம். நம் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரே பாடத்தைச் சொல்பவை. பதினோராம் வகுப்புக்கு 2018-லும், பன்னிரண்டாம் வகுப்புக்கு 2019-லும் புதிய புத்தகங்கள் வந்தன. இரண்டு மொழிப் புத்தகங்களையும் இணையத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக் கொள்ளலாம். உங்கள் பெண் தமிழில் கரைத்துக் குடித்த அதே இயற்பியல் பாடத்தை இங்கிலீஷ் புத்தகத்தில் எடுத்து, தினம் இரண்டு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். பாடம் ஏற்கனவே தெரியும். ஆகவே பாஷை மட்டும்தான் புதிது. ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் தமிழ்ச் சொல், அந்தப் பக்கம் இங்கிலீஷ் சொல் என்று எழுதிக் கொண்டே வந்தால், முதல் செமஸ்டர் முடிவதற்குள் அந்த நோட்டே அவளுக்கு அகராதி ஆகி விடும். இங்கிலீஷ் பேசச் சொல்லித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் வாங்கும் வகுப்புகளைவிட, அறிவியல் படிக்கும் பெண்ணுக்கு இதுவே முதலில் வேண்டியது என்பது என் அபிப்பிராயம்.

இனி மார்க்கு விஷயம். தாய்மார்கள் திகைத்துப் போகிற இடம் இதுதான். பள்ளிக்கூடத்தில் 600-க்கு இத்தனை என்று நமக்குப் பழக்கம். இங்கே பெண் டெலிபோனில், "அம்மா, 7.9 வந்திருக்கிறது" என்கிறாள். அம்மாவோ நெஞ்சைப் பிடித்துக் கொண்டு, "நூற்றுக்கா?" என்கிறாள்! பத்துக்கு 7.9 என்றால் கௌரவமான மதிப்பெண்தான், பயப்படாதீர்கள்.

அதே சமயம் காலேஜில் பாஸ் செய்வது பள்ளிக்கூடத்து மாதிரி இல்லை என்பதும் வாஸ்தவம். பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு 35 வாங்கினால் தேறலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள இஞ்சினீயரிங் கல்லூரிகளில், 2021-ஆம் வருஷத்து விதிகளின்படி, மொத்தத்தில் 50 வேண்டும். கடைசிப் பரீட்சையில் மட்டுமே தனியாக 45 சதவிகிதம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் ‘அரியர்’. அந்தப் பேப்பரை மறுபடி எழுத வேண்டும்.

‘அரியர்’ என்ற சொல்லைக் கேட்டாலே சில வீடுகளில் இழவு விழுந்த மாதிரி ஆகி விடுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

அந்தப் பெண்ணின் அப்பாவும் அம்மாவும் பத்தாவது தாண்டாதவர்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிற பெண். தாலிக்கொடியைத் தவிர மற்றதையெல்லாம் அடகு வைத்துப் பணம் கட்டியிருந்தார்கள். அம்மா தினம் தவறாமல் டெலிபோன் செய்வாள். நான் மேலே எழுதினேனே, அதே பேச்சுத்தான். ஒரு சொல் கூடக் குறைச்சல் இல்லை. சில நாள் அப்பாவும் வாங்கி, "நம் நகையெல்லாம் கடையில் இருக்கிறது, ஞாபகம் வைத்துக் கொண்டு படி அம்மா" என்பார். நல்ல மனிதர்; ஊக்கப்படுத்துவதாகத்தான் நினைத்துச் சொன்னார்.

முதல் செமஸ்டர் ரிஸல்ட் வந்தது. கணக்கிலும் பெளதிகத்திலும் போய் விட்டது. பெண் வீட்டில் சொல்லவில்லை. "இன்னும் ரிஸல்ட் வரவில்லை அம்மா" என்றாள். ஒரு வாரம் அப்படிச் சொன்னவளுக்கு, அடுத்த வாரம் உண்மையைச் சொல்வது இன்னும் கஷ்டமாகி விட்டது. வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்திருக்குமே என்ற வெட்கம் வேறு. தலைவலி என்று ஒரு நாள் அறையிலேயே படுத்துக் கொண்டாள். பிறகு இரண்டு நாள். பிறகு, எந்த வாத்தியார் வகுப்பிலே தோற்றாளோ அவர் வருகிற நாளெல்லாம். எட்டு மணிக்கு டெலிபோன் வரும்: "சாப்பிட்டாயா?" "சாப்பிட்டேன்." "படிக்கிறாயா?" "ம்."

கடைசியில் உறவுக்காரப் பையன் ஒருவன் மூலம் விஷயம் தெரிந்து அப்பா பதறிக் கொண்டு போய் நின்றபோது, இரண்டாவது செமஸ்டரில் அவளுடைய வருகை அறுபது சதவிகிதத்தைக் கூடத் தொடவில்லை. அந்தப் பரீட்சை எழுதவே அவளை அனுமதிக்கவில்லை. அடுத்த வருஷம், தன்னைவிடச் சின்னப் பெண்களோடு உட்கார்ந்து, அந்த செமஸ்டரை முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பெண்ணுக்கு ஒரு வருஷம் போனது அரியரால் அல்ல! அரியர் பேப்பரை அடுத்த தடவை, அதாவது ஆறு மாதத்துக்குள் வரும் பரீட்சையிலேயே, நடப்புப் பேப்பர்களோடு சேர்த்து எழுதிவிடலாம். அதனால் மேல் வகுப்புக்குப் போவது நிற்காது. விடைத்தாளின் நகலைப் பணம் கட்டி வாங்கிப் பார்க்கலாம். திருத்தியதில் பிசகு என்று தோன்றினால் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். இதற்கெல்லாம் ரிஸல்ட் வந்த பிறகு சில நாட்களே அவகாசம் தருவார்கள். அந்தப் பெண், "இன்னும் வரவில்லை அம்மா" என்று சொல்லிக் கொண்டிருந்தாளே, அந்த நாட்கள்தான் அவை. சும்மா ஒன்றும் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். எல்லாப் பேப்பரிலும் முதல் தடவையிலேயே தேறினால்தான் டிஸ்டிங்ஷன். அது கை நழுவும். வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகளில் பலவும், பாக்கி அரியர் உண்டா என்று கேட்பார்கள். ஆனால் மூன்றாம் வருஷத்து முடிவுக்குள் பாக்கியைத் தீர்த்துவிட்ட பெண்ணுக்கு அதனால் பெரிய பாதகம் இல்லை.

வருகைப் பதிவு அப்படி இல்லை. நூறு மணி வகுப்பு நடந்தால் எழுபத்தைந்து மணியாவது உட்கார்ந்திருக்க வேண்டும். உடம்பு சரியில்லை என்பது போன்ற தக்க காரணத்துக்கு அத்தாட்சி கொடுத்தால் அறுபத்தைந்து வரை இறங்கிக் கொடுப்பார்கள். அதற்கும் கீழே போனால் பரீட்சை ஹாலுக்குள் நுழைய முடியாது. மறுபடி எழுதித் தீர்க்கவும் வழி கிடையாது. அந்த செமஸ்டரே போயிற்று. ஆகவே மார்க்கு குறைந்ததற்கு அழுவதற்கு முன்னால், "வகுப்புக்குத் தினம் போகிறாயா?" என்று கேளுங்கள். தோற்ற பாடமானாலும் போய் உட்காரட்டும். அந்தப் பெண் கணக்கிலே தோற்றுக் கொண்டே வகுப்புக்கு மட்டும் போயிருந்தாளானால், இன்றைக்குத் தன் தோழிகளோடுதான் படித்துக் கொண்டிருப்பாள்.

அவள் அம்மா என்னிடம் வந்து கண்ணீர் விட்டாள்.

"நான் தினம் கேட்டேனே அக்கா! ஒரு நாள் தவறியது கிடையாதே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ கேட்டதற்கெல்லாம் அவள் பதில் சொல்லிக் கொண்டுதானே இருந்தாள், அம்மா?" என்றேன்.

நான் அவளைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. காலேஜ் வாசலையே மிதிக்காத தாய்க்கு வேறு என்ன கேட்கத் தெரியும்? நம்மில் பல பேருடைய நிலைமை அதுதானே! டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர்ந்தபோது அங்கே பெண் என்று அவர் ஒருவர்தான். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி வந்தது 1912-ல். கடற்கரைச் சாலையில் இன்று ராணி மேரி கல்லூரியாக இருக்கும் பெண்கள் கல்லூரி 1914-ல்தான் பிறந்தது. நூறு வருஷத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இன்றைக்கும் முதல் பட்டதாரி என்று தாசில்தாரிடம் சான்றிதழ் வாங்கிக் கொண்டு போகிற பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய தாயார்களுக்குப் பாடத்தில் உதவ முடியாது. ஹாஸ்டல் எப்படி இருக்கும் என்று ஊகிக்கக் கூட முடியாது. ஆனால் அவர்களால் முடிந்தது ஒன்று இருக்கிறது. அதை எம்.ஏ. படித்த அம்மாவும் சில சமயம் செய்வதில்லை.

பெண் ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தின ராத்திரி, பெட்டி கட்டியான பிறகு, பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக் கொண்டு இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இதோ பார், புது இடம், புதுப் பாஷை. ஒரு பேப்பரோ இரண்டு பேப்பரோ போனாலும் போகலாம். போனால் அன்றைக்கே எனக்குச் சொல்லு. நான் கத்த மாட்டேன். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நாம் இரண்டு பேரும் யோசிப்போம்." சொன்னபடி கத்தாமலும் இருக்க வேண்டும், அது கொஞ்சம் சிரமம்தான்! தோற்கலாம் என்று நாமே வழி காட்டுவதாகாதா என்று மாமியார் கேட்பார். குடை கொடுத்து அனுப்பினால் மழையை வரவழைத்ததாகவா அர்த்தம் என்று கேளுங்கள். இல்லை, மாமியாரிடம் அப்படிக் கேட்க வேண்டாம். சிரித்து விட்டு உள்ளே போய் விடுங்கள்.

டெலிபோனில் கேட்பதையும் கொஞ்சம் மாற்றிக் கொள்ளலாம். "படிக்கிறாயா?" என்றால் ‘ம்’ தவிர வேறு பதிலுக்கு இடமே இல்லை. "எந்த வாத்தியார் சொல்வது புரியவே இல்லை?" என்று கேளுங்கள். ஏதோ ஒன்று புரியாமல் இருப்பது சகஜம் என்று அம்மாவே நினைக்கிறாள் என்பது அவளுக்குத் தெரிந்து விடும். "இன்றைக்கு மெஸ்ஸில் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். ஒரு மாதம் கழிந்தும், "தனியாகத்தான்" என்று பதில் வந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்து விட்டு வருவது நல்லது. வீட்டிலே நடக்கிற சின்ன விஷயங்களையும் சொல்லுங்கள். பூனை குட்டி போட்டது, எதிர்வீட்டில் பெயிண்ட் அடித்தது, தம்பி மார்க் ஷீட்டை ஒளித்து வைத்தது. நகை அடகில் இருக்கும் சமாசாரம் மட்டும் வேண்டாம். அது அவளுக்குத் தெரியும், மறக்கவும் மாட்டாள்.

ராகிங் பற்றிக் கேட்டும் சிலர் எழுதியிருக்கிறீர்கள். 1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொலையுண்ட கொடுமைக்குப் பிறகு, தமிழ்நாட்டில் 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. 2009-ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் நாடு முழுவதற்கும் விதிகள் செய்தது. காலேஜில் சேரும்போது பெற்றோரிடமும் ஓர் உறுதிமொழிக் காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறார்களே, அது இதன்படிதான். படிக்காமல் கையெழுத்துப் போட்டு விடுகிறோம். அடுத்த தடவை படித்துப் பாருங்கள். 1800-180-5522 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்த நேரமும் காசில்லாமல் புகார் சொல்லலாம். பெண்ணின் செல்போனில் இதை நீங்களே பதிந்து கொடுத்து விடுங்கள். "பாட்டுப் பாடச் சொன்னார்கள், அவ்வளவுதான்" என்று அவள் சிரித்துக் கொண்டு சொன்னால் நீங்களும் சிரிக்கலாம். ஆனால் சிரிக்காமல் சொன்னால் கவனியுங்கள்.

பண விஷயம் ஒன்று. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்கு, காலேஜில் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் 2024 டிசம்பரில் அதை விரிவு படுத்தினார்கள். பணம் பெண்ணின் பாங்குக் கணக்குக்கே போகிறது. சில வீடுகளில் ஏ.டி.எம். கார்டை அம்மா வாங்கித் தன் சுருக்குப் பையில் வைத்துக் கொள்வதாகக் கேள்விப்படுகிறேன். வேண்டாமே! சோப்புக்கும் நோட்டுக்கும் அரியர் கட்டணத்துக்கும் ஒவ்வொரு தடவையும் வீட்டில் கையேந்த வேண்டியிருந்தால், சொல்லக் கூசும் விஷயங்களில் இன்னும் ஒன்று கூடிவிடும். கணக்கு எழுதச் சொல்லுங்கள். கார்டு அவளிடம் இருக்கட்டும்.

தீபாவளிக்கு வருவாள். வந்ததும் நீங்கள் நினைத்தபடி கட்டிக் கொண்டு கதை கதையாகச் சொல்ல மாட்டாள். குளித்து விட்டுப் படுத்தால், மறுநாள் மத்தியானம் வரை தூக்கம். எழுந்ததும் செல்போன். "ஆளே மாறி விட்டாளே!" என்று உங்களுக்குத் தொண்டையை அடைக்கும். தூங்கட்டும். இத்தனை நாள் அந்நியர்களோடு ஓர் அறையில், பாதிக் கண் விழித்துத் தூங்கியவள் அவள். இரண்டாம் நாள் எண்ணெய் தேய்த்து விடும்போது தானாக ஏதாவது சொல்ல ஆரம்பிப்பாள். தலைக்குப் பின்னால் இருந்து கேட்டால் பெண்களுக்குப் பேச்சு சுலபமாக வருகிறது; ஏனோ தெரியவில்லை. அப்போது சீயக்காயை அரைப்பதற்கு எழுந்து போய் விடாதீர்கள்.

திரும்பிப் போகும்போது முறுக்கும் அதிரசமும் கட்டிக் கொடுப்பீர்கள் அல்லவா? அவள் அறையில் எத்தனை பேர் என்று முதலில் கேட்டுக் கொள்ளுங்கள். நாலு பேர் என்றால் நாலு பேருக்குக் காணும்படி கட்டுங்கள். அதிலே யாராவது வடக்கத்திப் பெண் இருந்தால், அதிரசம் கொஞ்சம் கூடவே வையுங்கள். முறுக்கு உடையாமல் இருக்க டப்பாவின் அடியில் பழைய துண்டு ஒன்றை மடித்துப் போட மறக்க வேண்டாம்.